வாசலில் நின்றவள் அப்சென்ட்

நான் ஆங்கிலச் சொற்கள் படித்த கொப்பியில் தார் மணத்தது. அது கடையில் வாங்கிய கொப்பி அல்ல. அப்பா திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தார். அங்கே கழித்து ஒதுக்கிய, ஒரு பக்கம் அச்சும் மறுபக்கம் வெறுமையுமான இளஞ்சிவப்புப் படிவங்கள், வடக்கயிற்றுச் சுருள்களுக்கும் தார்ப் பீப்பாய்களுக்கும் இடையில் மாதக்கணக்கில் கிடந்தபின், கட்டுக்கட்டாக எங்கள் வீட்டுக்கு வந்து, சாக்குத் தைக்கும் ஊசியால் நடுவில் தைக்கப்பட்டு என்னுடைய கொப்பிகளாயின. மழைக்காலத்தில் அந்த மணம் கூடும். புரட்டிய விரலைச் சோற்றுக்கு முன் இரண்டு தரம் கழுவச் சொல்லி அம்மா குசினிக்குள்ளிருந்து சத்தம் போடுவார்.

அறுபதுகளின் கடைசி அது. பின்னேரம் அப்பா கந்தோரால் வந்து தேநீர் குடித்துவிட்டு முன்விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டால், எங்கள் வீட்டில் அது 'சொல்லுப் படிக்கிற நேரம்'. நாளுக்குப் பத்துச் சொல். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். தலைப்பு வாரியாகத் தருவார்: கப்பல், தபால்கந்தோர், ஆஸ்பத்திரி என்று. எல்லாவற்றிலும் நீளமான தலைப்பு பள்ளிக்கூடமும் சோதனையும். அது மட்டும் பதினொரு பக்கம் போயிற்று. 'கேன்டிடேட்' என்றால் சோதனைக்குத் தோற்றுபவர். 'இன்விஜிலேட்டர்' மண்டபத்தில் காவல் நிற்பவர். 'சுப்பர்வைசர்' மண்டபத்துக்கே பொறுப்பானவர். 'இன்டெக்ஸ் நம்பர்' சுட்டெண். 'பிரசென்ட்' வந்தவர். 'அப்சென்ட்' வராதவர். எழுதி முடிந்ததும் கொப்பியை மூடச் சொல்லிக் கேட்பார். தவறவிட்டால் அடிக்கமாட்டார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கு அதுவே போதும்.

"இந்தச் சொல்லெல்லாம் தெரிஞ்சா ஒருத்தரும் உங்களை வாசலிலை மறிக்க ஏலாது" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வசனம். அதை நான் நம்பினேன். பன்னிரண்டு வயதில், கோட்டைப் பக்கத்து மான்கள் ரோட்டில் படுத்திருப்பதை எப்படிச் சந்தேகிக்காமல் இருந்தேனோ அப்படியே நம்பினேன்.

எங்களுக்குப் பாடங்கள் தமிழில்தான். பூகோளம் தமிழில், கணிதம் தமிழில், வினாத்தாளும் தமிழில். ஆனால் சோதனையைப் பற்றிப் பெரியவர்கள் கதைக்கத் தொடங்கினால் தமிழ் கழன்று விழுந்துவிடும். அதிபர் 'ரிசல்ஸ்' என்பார். ரீச்சர்மார் 'கிரெடிட் பாஸ்', 'சிம்பிள் பாஸ்' என்பார்கள். முதல் தரம் எழுதுவதற்கு 'ஃபர்ஸ்ட் ஷை', கோட்டை விட்டு மறுதரம் எழுதுவதற்கு 'செக்கண்ட் ஷை' என்று மூத்த வகுப்புப் பெண்கள் சொல்வார்கள். அந்தச் சொல் அப்பாவின் பட்டியலில் இல்லை, அவர் தராத ஒரு சொல்லைப் பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்டு வந்ததில் எனக்கு ஒரு பெருமை. புவனா மச்சாள் மட்டும் கடைசிவரை 'சோதினை' என்றுதான் சொன்னாள். வகுப்பில் அதற்குச் சிரித்தார்களாம். "சிரிக்கட்டும். சோதினைக்குப் பேர் மாத்தினா கணக்குச் சுகமாகிடுமோ?" என்றாள் என்னிடம்.

புவனா, அம்மாவின் மூத்த அண்ணனுடைய மகள். என்னைவிட நாலு வயது மூத்தவள். அவளுடைய அப்பா எனக்கு மாமா, என் அப்பா அவளுக்கு மாமா. என் மாமா குடாவுக்கு அந்தப் பக்கம், லாஞ்சு என்ற மோட்டார்ப் படகில் மூதூரில் இறங்கிப் போகிற கட்டைபறிச்சானில் வயல் செய்தார். பெண்பிள்ளையை எட்டாம் வகுப்போடு நிற்பாட்டி ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்கச் சொன்ன சொந்தக்காரர்களின் வாயை அடைத்துவிட்டு, பட்டினத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார். இரண்டு வருடம் அவளும் நானும் ஒரே அறை. அவளுக்கு நேர்ஸ் ஆக வேண்டும். அதற்குப் பதினாறு வயதில் எழுதும் ஓ.எல். சோதனையில் ஆறு பாடம் வேண்டும். கணிதம் அதில் கட்டாயம். கணிதம் இல்லாத விண்ணப்பத்தைப் பிரித்தும் பார்க்கமாட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு நேர்ஸ் மிஸ்ஸி அவளுக்குச் சொல்லியிருந்தார். கணிதம் இல்லாவிட்டால் ஊர். ஊருக்குப் போனால் மாமாவும் எவ்வளவு காலத்துக்குத்தான் மற்றவர்களின் வாயை அடைப்பார்? இது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

என்னுடைய சொல்லுக் கொப்பியை அவள் கேலி செய்வாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, "வாங்கோ கிளாக்கர் அம்மா, இண்டைக்கு என்ன சொல்லு?" என்பாள். நான் சொல்வேன். "இன்விஜிலேட்டர் எண்டா ஏதோ பேயின்ரை பேர் மாதிரிக் கிடக்கு" என்று கையில் சாம்பலோடு சிரிப்பாள். ஆனால் ஒன்றையும் மறக்கமாட்டாள். பத்தில் ஏழு சொல்லிவிட்டு நான் தடக்கி நின்றால், குசினிக்குள்ளிருந்து எட்டாவது சொல் மெல்லிய குரலில் வரும். அப்பா கேட்டும் கேளாதமாதிரி இருப்பார்.

மார்கழியில் சோதனை தொடங்கியது. முதல் நாள் காலையில் அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். ஆம்பிளைக் கடிகாரம், வார் அவளுடைய கைக்குத் தொளதொளவென்று இருந்தது, அம்மா உள்ளே ஒரு லேஞ்சித் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார். அந்தக் கடிகாரத்தை அப்பா நாள்தோறும் காலைச் செய்திக்கு முன் வானொலியில் வரும் மணியோசைக்குச் சரிபார்த்து வைப்பார். அரை நிமிடம் பிந்தினாலும் பொறுக்கமாட்டார். இந்த விபரம் முக்கியம், அதனால் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைவரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. திங்கட்கிழமை கணிதம். வெள்ளி பின்னேரம் அம்மா அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, சனி ஞாயிறு மாமான்ரை கந்தோர்ப் பெரியவர் கொழும்பிலையிருந்து குடும்பத்தோடை வாறார். அறை வேணும். நீ வீட்டை போய் அப்பா அம்மாவையும் பாத்திட்டு, திங்கள் காலமை முதல் லாஞ்சிலை வந்திடலாம் தானே?"

வாடைக் காற்று தொடங்கியிருந்தது. குடாவின் நிறம் மாறியிருந்தது. அம்மா அந்தக் கரையில் பிறந்தவர். மார்கழிக் கடல் லாஞ்சை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. புவனா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மாமி" என்றாள்.

கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள், கடலில் நனைந்துவிடும் என்று. கொழும்புக் குடும்பம் கோணேசர் மலையும் கன்னியா வெந்நீர்க் கிணறும் பார்த்து, அம்மா பொரித்த மீன் முழுவதையும் தின்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே போய்விட்டது. அன்று பொழுதுபட்டு விடிய எங்கள் அறையில் ஒரு பாய் சும்மா சுருட்டிக் கிடந்தது.

திங்கட்கிழமை காலை அப்பா கடிகாரத்தை வானொலிக்குச் சரிபார்த்து என் கையில் தந்து, பள்ளிக்கூட வாசலில் நின்று புவனாவிடம் கொடுக்கச் சொன்னார். எங்களுக்கு விடுமுறை. எட்டரைக்கே போய் நின்றேன். பெண்கள் இரண்டு இரண்டு பேராக வந்து உள்ளே போனார்கள். எட்டே முக்காலுக்குப் புவனா வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. ஆனால் ஒன்பதுக்கு அடிக்க வேண்டிய சோதனை தொடங்கும் பெல்லும் அடிக்கவில்லை. சுப்பர்வைசரின் காரும் வந்திருக்கவில்லை. ஒன்பது மூன்றுக்கு அந்தக் கார் வந்தது. ஒருவர் இறங்கி, பின் சீற்றிலிருந்து பொதிகளை எடுப்பித்துக்கொண்டு விறுவிறென்று உள்ளே போனார். பியோன் அண்ணை தண்டவாளத் துண்டில் அடித்தபோது கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது பதினொன்று. வேறு வேலை இல்லாததால் பார்த்தேன். பிற்காலத்தில் ஒரு செய்தியை எழுத முன் மணியையும் இடத்தையும் குறித்துக்கொள் என்று எனக்கு ஒரு பத்திரிகை ஆசிரியர் பீடத்தில் கற்பித்தார்கள். அதை நான் அந்த வாசலில் ஏற்கனவே படித்திருந்தேன்.

ஒன்பது இருபதுக்கு ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். களஞ்சியம் கிட்டத்தான். அப்பா கந்தோரில் சொல்லாமலே வந்தார். வழிநெடுக அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார், "சொல்லாமல் வந்திட்டன், சொல்லாமல் வந்திட்டன்" என்று. ஒன்பது முப்பத்து மூன்றுக்குப் புவனா வந்தாள். இறங்குதுறையிலிருந்து ஓடி வந்திருந்தாள். பாவாடை முழங்கால்வரை உப்புத் தண்ணீரில் ஊறி இருந்தது. ஒரு செருப்பு இல்லை. அட்மிஷன் கார்டைச் சட்டைக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்ததை இழுத்து எடுத்தாள், அது நனையவில்லை.

"லாஞ்சை வெளிக்கிட விடேல்லை மாமா" என்றாள் மூச்சு வாங்க. "ஆரோ பெரிய ஆளின்ரை ஆக்கள் வாறவையெண்டு முக்கால் மணித்தியாலம் பிடிச்சு வைச்சவங்கள். பிறகு நடுக்கடலிலை காத்து."

பியோன் அண்ணை படலையைத் திறக்கவில்லை. ஆனால் போய்ச் சொன்னார். ஒன்பது முப்பத்தைந்துக்குச் சுப்பர்வைசர் வாசலுக்கு வந்தார். வேறு ஊரிலிருந்து இந்தக் கடமைக்கென்று வந்த ஒரு மனிதர். தமிழர். அப்பாவும் தமிழர். நனைந்த பாவாடையோடு நடுவில் நின்றவளும் தமிழச்சி. அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி வரும் கேன்டிடேட்டை அனுமதிப்பதற்கு விதியில் இடம் இல்லை, இப்போது மணி ஒன்பது முப்பத்தைந்து, ஆகவே வருந்துகிறேன் என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. எல்லாம் என்னுடைய கொப்பியில் இருந்த சொற்கள். கேன்டிடேட், ரூல், அட்மிட், லேட். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, தமிழில், உரக்கச் சொன்னேன்:

"அப்பா, பெல் அடிச்சது ஒன்பது பதினொண்டுக்கு. நான் பாத்தனான். தொடங்கி இருவத்தினாலு நிமிசம்தான். இன்னும் ஆறு நிமிசம் இருக்கு."

"பிந்தித்தானே சேர் அடிச்சது" என்று பியோன் அண்ணையும் மண்ணைப் பார்த்தபடி சொன்னார்.

சுப்பர்வைசர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், பியோன் அண்ணை அடங்கிப்போனார். பிறகு அப்பாவைப் பார்த்தார். இப்போது அப்பாவின் முறை. பதினொரு பக்கம் சோதனைச் சொற்கள் அவரிடம் இருந்தன. அவருக்குத் தெரியாத ஒரு விதி, ஒரு படிவம், ஒரு வசன அமைப்பு அந்த வாசலில் இல்லை. 'கொமென்ஸ்' என்ற சொல்லுக்குத் தொடங்குதல் என்று எனக்கு எழுதித் தந்தவரே அவர்தான். எத்தனை மணிக்குச் சோதனை தொடங்கியது என்ற ஒரே ஒரு கேள்வி போதும். ஆங்கிலத்தில் நாலு சொல். தமிழில் கேட்டிருந்தாலும் அந்த மனிதருக்கு விளங்கியிருக்கும்.

"யெஸ், சேர்" என்றார் அப்பா. பிறகு, "சொறி ஃபோர் த ட்ரபிள், சேர்" என்றார். என் பக்கம் திரும்பி, "வாயை மூடு" என்றார். அதை மட்டும் தமிழில் சொன்னார்.

புவனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன மாமா சொல்லுறார்? விடுறாரோ?" என்று கேட்டாள். அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்து மதில் உடைப்பால் ஒரு மான் வளவுக்குள் நுழைந்து, சோதனை மண்டபத்தின் யன்னலுக்குக் கீழே புல்லை மேய்ந்தது. அதை ஒருவரும் மறிக்கவில்லை.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கடிகாரம் இன்னும் என் கையில்தான் இருந்தது. புவனா மதிலோடு குந்தியிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன். அவள் அழவில்லை, கையிலிருந்த கார்டை மடித்து மடித்து விரித்தாள். சோதனை மூன்று மணித்தியாலம். முடிகிற பெல் அடித்தபோது பார்த்தேன்: பன்னிரண்டு பதினொன்று. உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பதினொரு நிமிடத்தைச் சுப்பர்வைசர் திருப்பிக் கொடுத்திருந்தார். வெளியே நின்ற ஒருத்திக்கு மட்டும் சோதனை ஒன்பது மணிக்கே தொடங்கியிருந்தது. அவளை உள்ளே விட்டிருந்தால், பிந்தி வந்தவர் விபரத்தில் அவளுடைய மணியை எழுத வேண்டும். அதை எழுதினால் தன்னுடைய மணியையும் எழுத வேண்டும். தான் பிந்தி வந்ததை மறைக்க அவளை வராதவள் ஆக்கினார். இது எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்கியபோது கேட்பதற்கு அந்த மனிதர் உயிரோடு இல்லை.

மற்றப் பாடங்களை அவள் எழுதி முடித்தாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா கடல் கடந்து வந்தார். எங்கள் வீட்டுக் கதிரையில் எப்போதும் நுனியில் இருப்பவர் அன்று இருக்கவே இல்லை, தூணோடு நின்றார்.

"மச்சான், சோதினைக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. அவள் வந்தவள், வாசலிலை நிண்டவள், விடேல்லை எண்டு எழுதுங்கோ. மணி பிந்தி அடிச்சதெண்டு மருமேள் சொல்லுறாள், அதையும் எழுதுங்கோ."

"அப்பிடியெல்லாம் எழுத ஏலாது மச்சான்" என்றார் அப்பா. "பெட்டிஷனுக்கு ஒரு முறை இருக்கு."

அந்த முறை அலுமாரிக்குள் ஒரு தடித்த கடித மாதிரிப் புத்தகமாக இருந்தது. அப்பா அதைப் பார்த்து, நல்ல தாளில், சாய்வெழுத்தில், பிழையில்லாமல் எழுதினார். எழுதி முடித்ததும் உரக்க வாசித்தார்; நல்லாக எழுதியிருக்கிறோம் என்ற திருப்தி அவர் குரலில் இருந்ததை நான் கேட்டேன். சீரற்ற காலநிலை காரணமாகக் கேன்டிடேட் தவிர்க்கமுடியாதபடி 'அப்சென்ட்' ஆக நேர்ந்தது என்று பணிவுடன் அறியத் தருகிறேன், கருணை கூர்ந்து கவனிக்குமாறு வேண்டுகிறேன் என்று அது போயிற்று.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அப்சென்ட் எண்டா என்ன மருமேள்?"

"வராதவர் மாமா."

"அவள் வந்தவள் எல்லோ?"

மாமா திரும்பவும், இந்த முறை அப்பாவைப் பார்த்து, ஒரு சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "அவள் வந்தவள் மச்சான்."

"வந்தவள் எண்டு எழுதினா, விடாதது அவரின்ரை பிழை எண்டு வரும். ஒரு உதவி கேக்கேக்கை உத்தியோகத்தரைப் பிழை சொல்லி எழுத ஏலாது. வராததுக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேக்கிறதுதான் முறை. இதுகள் உங்களுக்கு விளங்காது."

மாமா பெருவிரலால் நிலத்தைக் கீறிக்கொண்டு நின்றார். படிப்பில்லாத அந்த மனிதர் சொன்ன மூன்று வசனங்களை அப்படியே தமிழில் எழுதித் தபாலில் போட்டிருந்தால், அங்கே யாராவது ஒருவர் பெல் அடித்த மணியைக் கேட்கவேண்டி வந்திருக்கும். வந்தவள். வாசலில் நின்றவள். விடவில்லை. என் இருபத்தொன்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் இதைவிடத் திருத்தமான செய்தி என் மேசைக்கு வந்ததில்லை. அப்பா அதை நீக்கிவிட்டு ஒரு பொய்யை நல்ல ஆங்கிலத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார்.

ஆறு கிழமையால், ஒன்றரை மாதம் கழித்து, பதில் வந்தது. இரண்டே வசனம். தங்கள் கடிதத்தின்படியே கேன்டிடேட் அப்சென்ட் ஆக இருந்தபடியால் மேற்கொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை. அப்பா அதை வாசித்து, மடித்து, கடித மாதிரிப் புத்தகத்துக்குள் வைத்தார். பெறுபேறுகள் வந்தபோது பள்ளிக்கூட விளம்பரப் பலகையில் அவளுடைய இன்டெக்ஸ் நம்பருக்கு நேரே ஐந்து பாடங்களுக்குச் சித்தி, அதாவது பாஸ், இருந்தது, அதில் இரண்டுக்கு 'கிரெடிட்'. கணிதத்துக்கு நேரே 'ஏபி' என்று இரண்டு எழுத்து, அப்சென்டின் சுருக்கம். நான் பலகைக்கு முன்னால் நின்றபோது பின்னால் நின்ற ஒருத்தி, "பார் அடி, கணக்குக்குப் பயத்திலை வராமலே விட்டிட்டாள்" என்றாள். நான் திரும்பாமல் அந்த இரண்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் அது எழுதப்பட்டிருந்தது, நானோ ஒரு சிறு பெட்டை.

இதை வாசிப்பவர்கள் 'செக்கண்ட் ஷை' இருந்ததுதானே என்று கேட்கலாம். இருந்தது. அடுத்த மார்கழியிலும் சோதனை நடந்தது. அதற்கு அவள் படிக்க வேண்டும். படிக்கப் பட்டினத்தில் இருக்க வேண்டும். இருக்க எங்கள் வீடு வேண்டும். அவள் பெட்டியோடு ஊருக்குப் போனபின் எங்கள் வீட்டிலிருந்து ஒரு சொல் அங்கே போகவில்லை. "வா" என்ற ஒரு சொல். அம்மா இரண்டு தரம் தொடங்கினார். அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுடைய முகத்தைப் பார்க்க அவருக்கு ஏலாது என்பது இப்போது எனக்குத் தெரியும். அவருடைய கூச்சத்தின் விலையை அவள் கட்டினாள். மாமா கேட்டு வரவில்லை. கேட்டு வருகிற மனிதர் அன்று தூணோடு நின்றதோடு முடிந்துபோனார். அடுத்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். எங்களுக்கும் சொன்னார்கள், நாங்களும் போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

அதன் பிறகும் விறாந்தையில் சொல்லுப் படிக்கிற நேரம் நடந்தது. எட்டாவது சொல்லை எடுத்துத்தர குசினிக்குள் ஆள் இல்லை. ஒரு நாள் அப்பா சோதனைத் தலைப்பைத் திரும்பக் கேட்டார். 'அப்சென்ட்' வந்தபோது, "சொல்லமாட்டன்" என்றேன். மறந்துவிட்டாயா என்றார். இல்லை என்றேன். அவர் கொப்பியை மூடி என் மடியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சொல்லுப் படிப்பு இல்லை.

அப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. வேறு இடங்களில் சொல்லியும் இருக்கிறேன். அவர் தந்த ஆங்கிலத்தால்தான் எனக்கு வேலை கிடைத்தது. அதனாலேயே இதைச் சொல்லாமல் விடமுடியாது. அவர் எனக்குப் பதினொரு பக்கம் தந்தார். கேட்பவருக்குப் பெயர், கேட்கப்படுபவருக்குப் பெயர், காவல் நிற்பவருக்குப் பெயர், சித்திக்குப் பெயர், தோல்விக்குப் பெயர் எல்லாம் அதில் இருந்தன. ஏன் என்று கேட்பதற்கு அதில் ஒரு வசனம் இல்லை. அது அவரிடமே இல்லாதபடியால் தரவில்லை.

போன வருடம் திருகோணமலைக்குப் போனேன். எங்கள் விறாந்தை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. பள்ளிக்கூடத்துக்குப் புது மதில். மான் நுழைந்த உடைப்பு இல்லை, தண்டவாளத் துண்டு இல்லை, மின்சார மணி. இப்போது பெறுபேற்றைப் பலகையில் தேடத் தேவையில்லை, சுட்டெண்ணைத் தட்டினால் தொலைபேசிக்கே வருகிறது. வராதவர்களுக்கு இன்றும் அதே இரண்டு எழுத்துத்தான் வருகிறதாம். மூதூருக்கு லாஞ்சில் போகத் தேவையில்லை. பாலங்கள் போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டே போனேன், நனையாமல்.

கட்டைபறிச்சானில் புவனா மச்சாள் இருக்கிறாள். இடையில் அந்தக் கரையில் வீடுகள் போனதும் ஆட்கள் போனதும் வேறு கதை. அவள் இரண்டு தரம் எல்லாவற்றையும் விட்டு ஓடி இரண்டு தரமும் திரும்பி வந்தவள். புருசன் இல்லை. கடைசி மகள் நேர்ஸ். பிளாஸ்ரிக் கதிரையில் என்னை இருத்தி, தேநீர் தந்து, என் பையிலிருந்த இளஞ்சிவப்புக் கொப்பியை எடுத்து மணந்து பார்த்தாள்.

"தார் மணம் போட்டுது" என்றாள்.

சோதனைச் சொற்கள் இருந்த பக்கத்தைத் தானே தேடி எடுத்தாள். கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் அந்த விடயம் மனதில் இருந்தது என்பதுபோல ஏதோ ஒன்று. அது உண்மையா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எனக்குக் கோவம் போட்டுதோ எண்டு பாக்க வந்தனீயோ, கிளாக்கர் அம்மா? போகேல்லை. மாமாவிலையும் போகேல்லை, மாமியிலையும் போகேல்லை. வாசலிலை மறிச்ச அந்தாளிலை சொல்லவே தேவையில்லை." பிறகு சிரித்தாள், கையில் சாம்பல் இருந்த காலத்துச் சிரிப்பு. "நான் எத்தினை மணிக்கு வந்தனான்?"

"ஒன்பது முப்பத்து மூண்டு."

"நீ பேப்பரிலை வேலை செய்தனி தானே. பிழையாப் போட்டா அடுத்த நாள் திருத்திப் போடுறவையள் எல்லோ. போடன்."

போடுகிறேன். அந்த வருடத்து ஓ.எல். சோதனையில், கணித வினாத்தாளுக்கு அந்தச் சுட்டெண்ணுக்கு உரியவர் வரவில்லை என்று விளம்பரப் பலகையிலும், என் தகப்பனாரின் கடிதத்திலும், திணைக்களத்தின் பதிலிலும் இருந்தது தவறு. அவள் வந்தவள். பெல் அடித்து இருபத்திரண்டாவது நிமிடத்தில், நனையாத கார்டுடன், வாசலில் நின்றவள். விடவில்லை.